அதிகாரம் குப்பாண்டிக்கு, கடமை சடகோபனுக்கு

மந்தமங்கலத்தில் மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். அறிவாளிகள் என்று சொன்னது ஊர் அல்ல, அவர்களேதான். யாரும் மறுத்துப் பேசாததால் அது அப்படியே நிலைத்துவிட்டது.

ஒருநாள் அரசாங்கம் அந்த ஊருக்கு ஒரு கலை அறக்கட்டளையை அமைத்து, வைரக்கண்ணு, குப்பாண்டி, சடகோபன் என்ற அந்த மூவரையும் அறங்காவலர்களாகப் போட்டது. கூடவே ஒரு மண்டபம், ஒரு பூட்டு, ஒரு ரப்பர் முத்திரை, ஒரு சட்டப் புத்தகம், தலைவருக்கென்று ஒரு சுழல் நாற்காலி. மூவரில் மீசை பெரியவரான வைரக்கண்ணு தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் சுற்றுச் சுற்றியபோது அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பெற்ற பிள்ளை மேல்கூட மனுஷன் அவ்வளவு ஆசை வைத்ததில்லை.

சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தார். 'கலைப்பொருள்களுக்கு முத்திரை குத்தி, மண்டபத்துக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டும். அதன்பின் யாரும் தொடக் கூடாது' என்று இருந்தது. மண்டபத்தில் கலைப்பொருள் என்று பார்த்தால், மளிகைக்கடையில் கொடுத்த முருகன் படம் போட்ட தினசரி காலண்டர் ஒன்றுதான். மயிலின் கழுத்தில் பச்சென்று முத்திரை விழுந்தது. அதற்கப்புறம் அதில் தாள் கிழிக்க முடியுமா? அன்று ஏப்ரல் இரண்டு. மண்டபத்தில் அதன்பிறகு தேதி மாறவே இல்லை.

தேதியே மாறாத இடத்தில் யார் அவசரப்படுவார்கள்? மூவரும் நிம்மதியாகக் காலம் தள்ளினார்கள். அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

'ஆண்டுக்கு ஒரு கலை நிகழ்ச்சியாவது பொதுமக்கள் முன் நடக்க வேண்டும். உங்கள் ஆண்டு நாளையோடு முடிகிறது. மாலை ஐந்து மணிக்கு வருவேன். நடந்திருக்காவிட்டால் மண்டபமும் நாற்காலியும் மாட்டுத் தீவனக் கிடங்குக்குப் போய்விடும்.' கீழே அதிகாரியின் கையெழுத்து.

"அநியாயமா இருக்கே! காலண்டர்ல இன்னும் ஒம்போது மாசத் தாள் கிழிக்காமக் கெடக்கு," என்றார் குப்பாண்டி.

வைரக்கண்ணுவின் காதில் அது விழவில்லை. தன் நாற்காலியில் ஒரு தவிட்டு மூட்டை உட்கார்ந்து சுற்றுவதை நினைத்து அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். இடப்புறம் 'அதிகாரங்கள்', வலப்புறம் 'கடமைகள்'.

"அதிகாரம்னா செய்யலாம். கடமைன்னா செஞ்சே ஆகணும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா என்ன ஆகும்?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"ஏதாவது நடந்துடும் தலைவரே," என்றார் சடகோபன், பயந்துபோய்.

அது கூடாதென்று, அந்தத் தாளை நடுவில் கிழித்தார்கள். இடப்புறம் குப்பாண்டிக்கு, வலப்புறம் சடகோபனுக்கு. கிழித்த கையோடு மண்டபத்தைப் பூட்டி, சாவியைக் குப்பாண்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு, நிகழ்ச்சிக்கென்று சொல்லி வைத்திருந்த கூத்து வாத்தியார் தணிகாசலம் ராஜா வேஷம் கட்டி, கிரீடத்தோடு வந்து நின்றார். ஊரே மண்டபத்து வாசலில் கூடியிருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"திறக்க எனக்கு அதிகாரம் இருக்கு வாத்தியாரே. திறந்தே ஆகணும்னு கடமை இல்லையே," என்றார் குப்பாண்டி.

"எனக்குக் கடமை இருக்கு. அதிகாரம் இல்ல," என்றார் சடகோபன், கண் கலங்க.

"அப்ப சாவிய அவர்கிட்டக் குடுங்க!" என்றார் வாத்தியார்.

"குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

"வாங்க எனக்கு இல்லையே!"

வெயிலில் ராஜாவின் மீசை உருகி மோவாய்க்கு இறங்கியது. வைரக்கண்ணு இடப்புறத் தாளை வாங்கிப் பார்த்தார். 'வழக்குத் தொடுக்கலாம். எதிர்வழக்காடலாம்' என்று இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வழக்குப் போட்டு நியாயம் கேட்பது என்று முடிவானது. ஆனால் போடுகிற அதிகாரமும் குப்பாண்டிக்கு, எதிர்த்து வாதாடுகிற அதிகாரமும் குப்பாண்டிக்கு. வைரக்கண்ணு ஒரு வாளியைக் கவிழ்த்து, வேப்பமரத்தடியில் நீதிபதியாக உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார், வாளி சுற்றவில்லை. பூட்டிய கதவை ஏக்கத்தோடு பார்த்தார்.

குப்பாண்டி மரத்துக்கு இடப்பக்கம் நின்றார். "ஐயா, இந்த ஆளு கதவத் திறக்க மாட்டேங்கிறான்."

வலப்பக்கம் ஓடினார். "பொய்! மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

மறுபடி இடப்பக்கம். "பாத்தீங்களா, என்னையப் போயி பொய்யன்ங்கிறான்!"

ஏழாவது ஓட்டத்தில் கோபம் தலைக்கேறி, தன் சட்டையைத் தானே பிடித்துவிட்டார். சண்டையை விலக்குவது கடமை என்று சடகோபன் நடுவில் புகுந்து இரண்டு அடி வாங்கினார். ஜனங்கள் விசில் அடித்தார்கள்.

"கதவத் திறக்கணும்!" என்று தீர்ப்புச் சொன்னார் வைரக்கண்ணு.

"தீர்ப்புக்குக் கட்டுப்படறது என் கடமை தலைவரே. ஆனா அதிகாரம்..." என்று சடகோபன் ஆரம்பிக்க, வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதற்குள் மணி ஐந்து. ஜீப் வந்து நின்றது.

"நிகழ்ச்சி நடந்ததா?" என்று கேட்டார் அதிகாரி.

"ரெண்டு மணி நேரமா நடக்குது சார்," என்றாள் வேர்க்கடலை விற்கிறவள். "சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு."

தன் சட்டையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும் குப்பாண்டியை அதிகாரி பார்த்தார். ஜீப்பின் மேல் சாய்ந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நிகழ்ச்சி நடந்தது. கலை: அறங்காவலர் மூவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்காலி பிழைத்தது! வைரக்கண்ணு வாளியைக் கட்டிக்கொண்டு குதித்தார். குதித்து முடித்துச் சீட்டைப் படித்ததும் முகம் இறுகிப்போனது.

"ஏம்ப்பா, நாம இப்ப கலை. சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. கலையை இப்படித் தூசியில நிக்க விடலாமா?"

கூடாதுதான். மடியிலிருந்து முத்திரையை எடுத்து, ஒருவர் நெற்றியில் ஒருவர் குத்திக்கொண்டார்கள். ஆனால் உள்ளே போக வேண்டுமே? கதவு பூட்டியே இருந்தது. தணிகாசலம் பொறுமையிழந்து, குப்பாண்டியின் இடுப்பிலிருந்து சாவியை உருவிப் பூட்டைத் திறந்தார். அவருக்கு அதிகாரமும் இல்லை, கடமையும் இல்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மூவரும் உள்ளே போய் அசையாமல் உட்கார்ந்ததும், அவரே வெளியே பூட்டிவிட்டு, வாசலிலேயே தன் கூத்துக்கு மத்தளத்தை முழங்கவிட்டார்.

நடு மண்டபத்தில் சுழல் நாற்காலி, அதில் முத்திரையோடு வைரக்கண்ணு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கையைத் தூக்கினார்.

"தலைவரே! கலைப்பொருளத் தொடாதீங்க!" என்று அலறினார் சடகோபன். "ஈ ஓட்டுறது என் கடமை. ஆனா அதிகாரம் இல்ல."

"எனக்கு அதிகாரம் இருக்கு," என்றார் குப்பாண்டி. "கடமைதான் இல்ல."

வைரக்கண்ணு எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தார். ஏப்ரல் இரண்டு.

"பரவாயில்லப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார்.