யூதித் சுமந்த தலை

"என் யூதித்தை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க அம்மா" என்றார் நேரியோ.

மாதா படம் வரைந்தே இத்தாலி முழுக்கப் பேர் வாங்கிய ஓவியர் அவர். வயது ஐம்பத்தெட்டு. எதிரே நின்ற கன்னியாஸ்திரி ஒர்சோலாவுக்கு முப்பதுகூட இருக்காது. மடத்துச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் படம் வரைகிறவள். கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, படத்தோடு அவளிடம் வந்திருந்தார் மனிதர்.

"ஆயர் என்ன சொன்னார்?"

"ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டார். 'பொண்ணு அழகா இருக்கா. எதிரித் தளபதி தலையை வெட்டி ஊரைக் காப்பாத்தின வேதாகமத்து யூதித் இவதான்னு நம்ப முடியலை'ங்கிறார். ஞாயித்துக்கிழமை மறுபடி வரார். அன்னைக்கும் பிடிக்கலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும், என் பேரும் போயிடும். புண்ணியவதின்னு முகத்துல எப்படிம்மா கொண்டுவர்றது?"

ஒர்சோலா படத்தைப் பார்த்தாள். யூதித் தேவதை மாதிரிப் புன்னகைத்துக்கொண்டு, தளபதியின் தலையைப் பூக்கூடைபோல இரண்டு விரலில் தூக்கியிருந்தாள்.

"இதுக்கு நின்ன பொண்ணு கையில என்ன கொடுத்தீங்க?"

"காய்ஞ்ச சுரைக்குடுக்கை. மூணு மணி நேரம் நிக்கணுமே, பாவம்."

ஒர்சோலா சமையலறைக்குப் போனாள். திருவிழாவுக்காக அன்று கன்று அடித்திருந்தார்கள். அதன் தலையைச் சாக்கில் போட்டு எடுத்து வந்தாள்.

"இதைத் தூக்கிட்டு மலைக்கோட்டை வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க ஐயா. உள்ளே என்னன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கீழே வைக்கவும் கூடாது."

இது என்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் திரும்பினார். அங்கியெல்லாம் ரத்தம்.

"காவல்காரங்க?"

"ரெண்டு இடத்துல மறிச்சாங்க. பாலாடைக்கட்டின்னேன். கீழே சொட்டினதைக் காலால தேய்ச்சேன்."

"அப்போ முகத்தை எப்படி வச்சிருந்தீங்க?"

"முகமா? முகத்தை யார் நினைச்சா? கை இத்து விழறதுக்குள்ள வந்து சேரணும்னுதான்..."

கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் மாட்டியிருந்தா சிரிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். அவ அந்தத் தலையைச் சுமந்துகிட்டு எதிரிப் படை நடுவுல நடந்திருக்காளே அம்மா! என்ன பொம்பளை அவ!"

கத்தியை எடுத்து அந்தப் புன்னகையைச் சுரண்டித் தள்ளினார். தூரிகையை எடுத்தார். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"கை நடுங்குதே ஐயா. நாளைக்கு வரையலாமே."

"நாளைக்கு இந்த நடுக்கம் நின்னுடும்மா" என்றார் நேரியோ.