பொருந்தாத வரியை ஆக் சொல்லாமல் விடுவது ஏன்?

கணினிக்குள் இருக்கும் கட்டளைகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் வாய் இருந்தது. கறுப்புத் திரையில் எழுதியதை எழுதியபடி செய்துவிட்டுப் போகிற இன்றைய ஊமைகள் அல்ல அவை. சார்ட் என்ற கட்டளை பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டே முணுமுணுக்கும். குரெப் தேடிய சொல் அகப்பட்டதும் கூச்சல் போடும். ஆக் என்ற கட்டளைதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை.

ஆக்கின் வேலை பட்டியல் படிப்பது. எத்தனை நீளப் பட்டியலானாலும் மேலிருந்து வரிவரியாகப் படிக்கும்; மேலிருந்து கீழாக நிற்கும் கட்டங்களைப் பத்தி என்று சொல்லும். "இந்தப் பத்தியில் இப்படி இருந்தால் இதைச் செய்" என்று நிபந்தனை போட்டுவிட்டால், ஒவ்வொரு வரியையும் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும். ஆனால் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்கும்.

"இல்லாவிட்டால்?"

இதற்குப் பதில் வராமல் ஒரு வரியைக்கூடத் தொடாது. ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிவு போடும்போது ஆசிரியர், "முப்பத்தைந்தும் அதற்கு மேலும் இருந்தால் தேர்ச்சி" என்றார். "இல்லாவிட்டால்?" என்றது ஆக். "தோல்வி." "மதிப்பெண்ணே இல்லாவிட்டால்?" ஆசிரியர் திட்டிக்கொண்டே பட்டியலைப் பார்த்தார். அம்மை போட்டு வீட்டில் கிடந்த ஒரு பெண்ணின் இடம் காலியாக இருந்தது. அவளுக்குத் தனியாகத் தேர்வு வைத்தார்கள். அதற்காக ஆக்கை யாரும் பாராட்டவில்லை. நச்சரிப்பு என்றுதான் சொன்னார்கள்.

முத்தேரிப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலும் ஓர் ஆக் இருந்தது. அங்கே வாசலில் ஒரு பதிவேடு. கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகின் பெயருக்கு எதிரேயும் அதன் வீட்டார் 'போனது' என்று எழுத வேண்டும், கரையில் நின்றால் 'நின்றது' என்று எழுத வேண்டும் என்பது அலுவலகத்தின் உத்தரவு. எழுதியதைக் கணினியில் ஏற்றிவிடுவார்கள்.

உத்தரவு போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. நம்மில் யார் வாசலைத் தாண்டும்போது "போகிறேன்" என்று சொல்கிறோம்? "போய் வருகிறேன்" என்றுதானே சொல்கிறோம். கடலுக்குப் போகிறவன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னும் பயம் அதிகம். பலர் பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவுப்படி எழுதினார்கள். ரொசாரிக்கு மட்டும் கை வரவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் அவள் தெருவின் ஏழு படகுகளுக்கும் அவளே எழுதுவாள். ஏழுக்கும் எதிரே 'வரும்' என்று எழுதினாள். ஏழில் ஒன்று அவள் புருஷன் சூசையின் படகு. அதில் சூசையோடு வேறு ஐந்து பேர்.

அவர்கள் போன மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் புயல் எச்சரிக்கை வந்தது. கடலில் இருக்கும் படகுகளை வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்ப வேண்டும். துறைமுகத்தில் முந்நூறு படகு. எது வெளியே இருக்கிறது என்ற பட்டியல் உடனே வேண்டும். கணினி பார்க்கும் தேவசுந்தரத்தின் முதுகுக்குப் பின்னால் மேலதிகாரி வந்து நின்றுகொண்டு, "எவ்வளவு நேரம்யா?" என்று அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்தினார்.

தேவசுந்தரம் அவசரமாக நிபந்தனையை எழுதினார். மூன்றாம் பத்தியில் 'போனது' என்று இருந்தால் படகின் பெயரைக் கொடு.

"இல்லாவிட்டால்?" என்றது ஆக்.

"கரையில நிக்கிற படகைக் கூப்பிட்டு என்ன பண்ணப் போறோம்? விடு."

"நின்றது என்று இருந்தால் விடுகிறேன் ஐயா. இரண்டும் இல்லாவிட்டால்?"

"ரெண்டும் இல்லாம எப்படிடா இருக்கும்?"

"படித்தால்தான் தெரியும். அப்படி ஒரு வரி வந்தால் என்ன செய்ய?"

மேலதிகாரி மேசையைத் தட்டினார். "இது கேள்வி கேட்கும், நாம பதில் சொல்லிக்கிட்டு இருக்கணுமா? வாயை மூடச் சொல்லுய்யா!"

"எது வந்தாலும் விட்டுடு" என்றார் தேவசுந்தரம்.

"விட்டதையாவது சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் வாயிலிருந்து வந்த அந்த மூன்று சொல்தான் எல்லாவற்றையும் முடித்தது. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும், ஏழு வரிகளை அது காட்டியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் அவர்களுக்கு இல்லை.

ஆக் முந்நூறு வரியையும் படித்தது. நூற்றுப் பன்னிரண்டு பெயர்களைக் கொடுத்தது. நூற்றுப் பன்னிரண்டையும் கூப்பிட்டார்கள், எல்லாம் திரும்பின. ரொசாரி தெருப் படகுகளில் ஆறு, மற்றவர்கள் வலையை அவசரமாக இழுப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கூடவே வந்துவிட்டன. சூசை மீன் தேடி வெகுதூரம் தெற்கே போயிருந்தான். அவன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வேறு படகு இல்லை.

எட்டாம் நாள் உடைந்த பலகை இரண்டு கரை ஒதுங்கியது. ஒன்பதாம் நாள் ரொசாரி அலுவலகத்துக்கு வந்து தேவசுந்தரத்தின் முன் நின்றாள்.

"எல்லாரையும் கூப்பிட்டீங்களே சார், எங்க படகை ஏன் கூப்பிடல?"

"பட்டியல்ல இருந்த எல்லாப் படகையும் கூப்பிட்டோம்மா. கணினி ஒரு தப்பும் பண்ணல. தப்பு இருந்தா ஒரு எண் காட்டும். இங்க பாருங்க, பூஜ்ஜியம். பூஜ்ஜியம்னா எல்லாம் சரின்னு அர்த்தம்."

யாரும் கேட்காமலே ஆக் பேசியது. "ஏழு வரிகள் பொருந்தவில்லை அம்மா. என்ன செய்ய என்று கேட்டேன். விடச் சொன்னார்கள். சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்."

ரொசாரி திரையின் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சியா? நான் எழுதுனத நீ படிச்சியா?"

"படித்தேன். 'வரும்' என்று எழுதியிருந்தீர்கள்."

"வரும்னா வெளிய இருக்குன்னுதானே அர்த்தம்? கரையில நிக்கிறதையா வரும்பாங்க? உனக்குப் புரியலியா?"

"புரிந்தது அம்மா. எனக்குக் கொடுத்த நிபந்தனையில் அது இல்லை."

"புரிஞ்சும் விட்டியா?"

ரொசாரி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை. என் கையால எழுதினேன், என் கையால எழுதினேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனிமேலாவது நிபந்தனையில் 'வரும்' என்பதையும் சேர்த்தார்களா? ஆக்கின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதினார்களா? அதுதான் இல்லை. மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு தேவசுந்தரத்திடம் சொன்னார்: "நாளைக்கு விசாரணைக்கு வருவாங்க. இதுக்கு வாய் இருந்தா நம்ம ரெண்டு பேரையும் மாட்டிவிடும்."

தேவசுந்தரம் ஆக்கின் பேச்சை எடுத்துவிட்டார். அதைப் பார்த்த சார்ட்டும் குரெப்பும் தாங்களாகவே அடங்கிக்கொண்டன.

விசாரணைக்கு வந்தவர்கள் நிபந்தனையைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பூஜ்ஜியத்தைப் பார்த்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. பதிவேட்டில் குடும்பத்தார் விதிப்படி எழுதாததே காரணம் என்று ஒரு பக்க அறிக்கை தயாரித்து, ரொசாரியிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் போட்டாள். சூசையோடு போன ஐந்து பேரின் வீட்டாரும் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

அந்த நாளிலிருந்துதான் ஆக், நிபந்தனைக்குள் அடங்காத வரி எதுவானாலும், அதில் யாருடைய உயிர் இருந்தாலும், ஒரு சொல் சொல்லாமல் தாண்டிப் போகிறது. போய் முடித்ததும், எல்லாம் சரி என்று பூஜ்ஜியத்தைக் கொடுக்கிறது.