தடம் தெரியாத வெட்டு

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, மாடியறையில் உட்கார்ந்துகொண்டு ஸ்டெல்லா ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்தாள். கீழே பகல் முழுக்க மில் கடகடக்கும். மேலே, ஓசையை எப்படிப் பிடிப்பது, எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று பாடம் நடக்கும். அங்கைக்குச் சந்தேகம் வர இந்தப் பொருத்தம் ஒன்றே போதும்.

அங்கயற்கண்ணி என்பது அவள் முழுப்பெயர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்றுதான் தொடங்குவாள். குரு அவளைவிடச் சில வயதே மூத்தவள். அதனால் காலில் விழுகிற வேலையெல்லாம் அந்த மாடியில் கிடையாது. அக்கா என்று கூப்பிட்டால் போதும்.

சந்தேகத்துக்கு வேறு காரணமும் இருந்தது. வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய மைக், ஹெட்போன் எல்லாம் வாங்கிவிட்டு, எடிட் பண்ண எந்த சாப்ட்வேர் நல்லது என்று அங்கையோடு ஒலிப்பதிவு கற்கிற பெஞ்சமின் போய்க் கேட்டான். காசில்லாமல் கிடைக்கிற ஒன்றைச் சொல்லி அனுப்பினாள் ஸ்டெல்லா. அதே கேள்வியோடு இன்னொரு மாணவி ரஹ்மத்நிஷா போனாள். அவளுக்குச் சொன்னதோ மாதாமாதம் சந்தா கட்டுகிற சாப்ட்வேர். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் சந்தித்துப் பேசியபோது விஷயம் வெளியே வந்தது.

இதில் எங்கோ கமிஷன் இருக்கிறது என்றான் பெஞ்சமின். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை நம் தலையில் கட்டுகிறாள் என்றாள் ரஹ்மத்நிஷா. அங்கை இரண்டையும் நம்பினாள்.

போதாததற்கு, ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டர் திரை எப்போது போனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வருகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். மறைக்க ஒன்றும் இல்லாதவள் திரையை எதற்குச் சுவருக்குக் காட்டுகிறாள்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கை லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு படியேறினாள். மில்லில் சாப்பாட்டு நேரம். கீழே பெல்ட் நின்றிருந்தது.

பையில் இருந்தது பேச்சியம்மாளின் குரல்.

பெண்கள் விடுதி மெஸ்ஸில் பல வருஷமாகத் தோசை வார்த்தவள் பேச்சியம்மாள். ஒருநாள் புழு நெளிகிற அரிசியை முறத்தோடு தூக்கிவந்து மாணவிகளிடம் காட்டிவிட்டாள். மறுவாரம் அவள் கல்லுக்கு முன்னால் வேறொருத்தி நின்றாள். "அந்த அம்மா தானாத்தான் நின்னுக்கிட்டாங்க" என்றது நிர்வாகம். மாணவிகள் கொதித்ததில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அது திங்கட்கிழமை கூடுகிறது. அந்த ரூமுக்குள்ள போனா எனக்கு வாய் எழும்பாது என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டதால், அங்கை அவளைத் தன் வாடகை வீட்டு மாடிக்குக் கூட்டிவந்து, எதிரொலிக்காமல் இருக்கப் போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு, நடுவில் உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்தாள். குழு கேட்கப்போவது அந்தப் பதிவைத்தான். அது எடுபட்டால் பேச்சியம்மாளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். எடுபடாவிட்டால் கதை அதோடு முடிந்தது.

ஸ்டெல்லா வறுத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, மூஞ்சி உர்ருனு இருக்கு?"

"ஒரு கேள்விக்கா. நேரான பதில் வேணும். பெஞ்சமினுக்கு ஒண்ணு, ரஹ்மத்துக்கு ஒண்ணுன்னு சொன்ன மாதிரி எனக்கும் ஏதாவது சொல்லி அனுப்பாதீங்க."

"கேளு."

"எந்த சாப்ட்வேர்ல வெட்டினா வெட்டின தடமே தெரியாது?"

ஸ்டெல்லா உள்ளங்கையில் இருந்த தோலை ஊதினாள்.

"யாருக்குத் தெரியக் கூடாது?"

"குழுவுக்கு. அவங்க கூட்டியார வக்கீலுக்கு. எவனுக்கும்."

"எதை வெட்டப் போற?"

அங்கை லேப்டாப்பைத் திறந்து அந்த இடத்தை ஓடவிட்டாள். முதலில் அவள் குரல்.

"நீங்களா வேலைய விட்டீங்களாக்கா?"

"நானாத்தாம்மா விட்டேன்."

அங்கை நிறுத்தினாள். "கேட்டீங்களா? கேள்வி முடியல, பதில் வந்து விழுது. இதைக் கேட்டா திங்கட்கிழமை எல்லாரும் காபி குடிச்சிட்டுக் கலைஞ்சிருவாங்க. எனக்கென்னவோ அவங்கள யாரோ போய்ப் பாத்திருக்காங்கன்னு தோணுது. கையில ஏதாவது திணிச்சிருப்பாங்க."

"பேச்சியம்மாளையும் விடல நீ."

"நான் சும்மா சந்தேகப்படலக்கா. காதால கேக்கேன்லா."

"அவங்க அதைச் சொல்லும்போது நீ எங்க பாத்துக்கிட்டிருந்த?"

"லேப்டாப்பத்தான். சத்தம் கூடிப் பச்சைக் கோடு சிவப்பாயிரக் கூடாதே. நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க."

"நாந்தான்" என்று ஒப்புக்கொண்டாள் ஸ்டெல்லா. "இது எடுத்தது எடுத்தபடி இருக்கா?"

"அதெப்படி இருக்கும்? ட்ரையலுக்கு ஒரு சாப்ட்வேர் இறக்கினேன். அதுல 'க்ளீன்'னு ஒரு பட்டன் இருக்கு. ஒரு தட்டு தட்டினா போதும். இரைச்சல், மூச்சு, சும்மா கிடக்க இடைவெளி எல்லாத்தையும் அதுவே வழிச்சு எடுத்துருது. ரேடியோ மாதிரி இருக்கு, கேட்டீங்கள்லா. ஆனா இந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் எடுத்தா, ஒட்டின இடம் லேசா இடறுது. அதான் உங்ககிட்ட வந்தேன். உங்ககிட்ட நல்லது ஒண்ணு இருக்கும். அந்தத் திரைக்குள்ள."

கடைசி இரண்டு சொல்லில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அங்கைக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பின்வாங்கவில்லை.

"தப்புன்னு சொல்லப் போறீங்களா? அவங்க ஒரு பொம்பளையோட பொழப்பையே வெட்டி எறியலாம், நான் ஒரே ஒரு வரியை வெட்டக் கூடாதா? அவங்க பொய்யை ஜோடிப்பாங்க, நான் உண்மைக்காக..."

"நான் ஒண்ணும் சொல்லலயே" என்றாள் ஸ்டெல்லா.

அதுதான் அங்கைக்கு எரிச்சல். எதிர்த்துப் பேச ஆள் வேண்டுமே.

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு, மேசையின் ஓரத்தில் இருந்த மைக்கை இழுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினாள். சிறு சிவப்பு விளக்கு எரிந்தது.

"இப்படி உக்காரு. நானும் ஒரு கேள்வி கேக்கேன்."

"கேளுங்க."

"அங்கை, நீ என்ன நம்புதியா?"

இது என்ன கேள்வி? பதில் சொன்னால் எதற்குப் பயன்படுத்துவாள்? அங்கை நாற்காலியில் அசைந்தாள். அது முனகியது. பெஞ்சமின் சொன்ன கமிஷன் நினைவுக்கு வந்தது. சுவரைப் பார்த்த திரை கண்ணில் பட்டது. கூடவே, மைக் வாங்கக் காசில்லாமல் நின்றபோது தன் பழைய மைக்கைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தவளும் இவள்தான் என்பதும் நினைவுக்கு வந்தது. பழசைத்தானே கொடுத்தாள்? கீழே யாரோ "கேப்பை யாரு வச்சது?" என்று கத்தினார்கள். அங்கை தொண்டையைச் செருமினாள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நம்புதேன்க்கா" என்றாள்.

ஸ்டெல்லா ரெக்கார்டரை நிறுத்தி, அதிலிருந்த சின்ன கார்டைக் கழற்றி நீட்டினாள்.

"உன் க்ளீன் பட்டன்ல போடு."

அங்கை போட்டாள். தட்டினாள். ஒரு நீலப் பட்டை ஓடி முடிந்தது. பிறகு அறைக்குள் இரண்டு குரல்கள் பேசின.

"அங்கை, நீ என்ன நம்புதியா?"

"நம்புதேன்க்கா."

கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது பதில். கற்பூரத் தட்டைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற குரல். அங்கைக்கு உடம்பு கூசியது.

"இது நான் சொன்னது இல்ல!"

"சொல்லு மாறியிருக்கா?"

"இல்ல."

"குரலு?"

"என்னோடதுதான். ஆனா நான் இப்படிச் சொல்லலக்கா. நான் யோசிச்சேன். எவ்வளவு நேரம் யோசிச்சேன்னு உங்களுக்கே தெரியும். உங்களை நம்பாமத்தான் அவ்வளவு நேரம்..."

அங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா. "நான் எதுக்க இருந்தேன்லா. இதை மட்டும் கேக்கவனுக்கு?"

அங்கையின் பார்வை லேப்டாப்பில் பேச்சியம்மாளின் பெயர் போட்ட கோப்புக்குப் போனது. அதற்குக் கீழேயே, பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் எடுத்த மூலப் பதிவும் இருந்தது. அதை அழிக்கவில்லை. அழிக்கத் தோன்றாததற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம்.

அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஓடவிட்டாள். திரையில் கோடு நெளியத் தொடங்கியது. ஸ்டெல்லா கைநீட்டி லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாக்காத. கேளு."

இப்போது அந்த அறையில் இரண்டு திரைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்களா வேலைய விட்டீங்களாக்கா?"

அதன் பிறகு பதில் இல்லை. பேன் சுற்றியது. எங்கோ பக்கத்து வீட்டில் குக்கர் சீறியது. கண்ணாடி வளையல் ஒருமுறை குலுங்கி நின்றது. தம்ளரைத் தரையிலிருந்து எடுத்தார்கள். குடிக்கிற சத்தம் கேட்கவில்லை. அப்படியே திரும்ப வைத்தார்கள். அதையடுத்து, தனியாக 'டக்' என்று இன்னொரு ஓசை. பேசுவதற்காக ஒரு மூச்சு உள்ளே போனது. அந்நேரம் வெளிப்படிக்கட்டில் யாரோ செருப்பு தேயத் தேய ஏறினார்கள். மூச்சு அப்படியே நின்றது. செருப்பு கதவைத் தாண்டியது. மேலே போனது. ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு வெளியே வந்தது.

"நானாத்தாம்மா விட்டேன்."

அங்கை நிறுத்தவில்லை. பதிவு தானாக அடுத்த கேள்விக்குப் போனது. ஸ்டெல்லாதான் நிறுத்தினாள்.

"நடுவுல 'டக்'குன்னு ஒண்ணு கேட்டுதே, அது என்னது?"

"என் மவுஸு."

"அப்ப எதுக்குட்டி மவுஸத் தொட்ட?"

"மைக் அளவைக் கூட்டினேன்க்கா. சத்தமே வரலயேன்னு."

ஸ்டெல்லா கடலைத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். அங்கை ஒன்றை எடுத்தாள். உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அதை உரித்து வாயில் போட்டதும் அவளுக்குப் பேச்சு திரும்பியது. பேச்சு திரும்பினால் சந்தேகமும் கூடவே வந்துவிடும்.

"சரி, அப்ப பெஞ்சமினுக்கு எதுக்கு ஓசி, ரஹ்மத்துக்கு எதுக்குக் காசு? அதைச் சொல்லுங்க."

"பெஞ்சமினுக்குத் தன் குரலை மலைமேல இருந்து வார குரலாக்கணும். எதை எடுத்தாலும் எதிரொலி போட்டுருவான். அவன் கை அரிக்க அந்தப் பட்டன் எதுல ஒழுங்கா வேலை செய்யாதோ அதைச் சொன்னேன். ரஹ்மத்து கோவம் வந்தா எல்லாத்தையும் அழிச்சிருவா. மறுநாள் அழுவா. அழிச்சதை எத்தனை நாள் கழிச்சும் திருப்பித் தாரதுக்குத்தான் அந்தச் சந்தா."

"கமிஷன்?"

"பெஞ்சமின் அம்மா ஒருதடவ அதிரசம் கொடுத்துவிட்டாங்க. அதைச் சேக்கணும்னா சேத்துக்கோ."

அங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு எது?"

"க்ளீன் பட்டன் இல்லாத எதுவும்."

அங்கை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ட்ரையல் சாப்ட்வேரை நீக்கினாள். "நிச்சயமாக நீக்கவா?" என்று அது கேட்டது. இரண்டாவது முறையும் கேட்டது. கேள்வி கேட்காமலே எல்லாவற்றையும் வழித்தெடுத்த பட்டன், தன் முறை வந்தபோது இப்படிக் கேட்பதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆம் என்பதை அழுத்தினாள். பையை மூடி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஆனா அக்கா."

"என்ன?"

"இதை எடுத்தபடியே கொண்டுபோய் ஓடவிடுதேன். ஒண்ணையும் வெட்டல. கேட்டு முடிச்சதும் குழுத் தலைவர் என்ன சொல்லுவாரு? 'அந்த அம்மாவே நானாத்தான் விட்டேன்னு சொல்லிட்டாங்களே'ன்னுதான சொல்லுவாரு?"

"சொல்லுவாரு."

"அப்ப என்ன பிரயோஜனம்?"

கீழே சாப்பாட்டு நேரம் முடிந்து பெல்ட் ஓடத் தொடங்கியது. மாடித் தரை அதிர்ந்தது. ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. அங்கைதான் இரண்டு அடி திரும்பி வந்து குனியவேண்டியிருந்தது.

"அதைச் சொல்ல அவரு எவ்வளவு நேரம் எடுத்துக்கிடுதாருன்னு காதக் கொடுத்துக் கேளு."