வரி முடியும் இடம்

"டீச்சர், நெவிலை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

கிளைவ் இதைச் சொல்வதற்காகவே இங்கிலாந்தின் ஹல் நகரத்திலிருந்து இலஞ்சிக்கு வந்திருந்தார். கிதார் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டார்.

டீச்சர் என்றால் திலகவதி. பதினோரு வருஷம் ஹல்லில் தேவாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, அங்கே அவரிடம் படித்த மாணவர் கிளைவுக்கு ஐம்பத்தெட்டு. இருவரும் பேசிக்கொண்டது இங்கிலீஷில். நமக்கு எதற்கு அந்தத் தொல்லை, தமிழிலேயே கேட்போம்.

"காப்பி குடிக்கிறீங்களா?"

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

திலகவதி உட்கார்ந்தார்.

கிளைவும் நெவிலும் முப்பது வருஷ ஜோடி. நெவில் பாடுவார். கிளைவ் வாசிப்பது பேஸ் கிதார், நாலே தந்தி, அடித்தொண்டையில் பேசும் வாத்தியம். டிரம்ஸ் கிடையாது, மூன்றாவது ஆளே கிடையாது. துறைமுகத்து மதுக்கடையில் ஆரம்பித்து, நார்வே போகிற கப்பல்களில் வாசித்து, பன்னிரண்டு ரெக்கார்டு போட்டவர்கள். போஸ்டரில் நெவிலின் முகம் பெரிதாக இருக்கும். கிளைவுக்குத் தோள் மட்டும் தெரியும்.

"போஸ்டரைப் பத்தி நான் பேச வரலை" என்றார் கிளைவ். "அவன் பாட்டு சரியில்லை. வரியோட கடைசியை முழுங்கிடறான். நாலு எண்ணிக்கை இழுக்கணும்னா மூணுலயே விட்டுடறான். நான்தான் உடனே உள்ள புகுந்து அந்த ஓட்டையை அடைக்கிறேன். பத்திரிகைக்காரன் என்னடான்னா அதுதான் நெவிலோட ஸ்டைல்னு எழுதறான்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல மாட்டோம். ஆரம்பத்துலயே பேசி வெச்சது அது. மேடையில ஒருத்தன் தப்பு பண்ணினா, இன்னொருத்தன் கூடவே போயிடணும். முகத்தைப் பார்க்கக்கூடாது. கீழ இறங்கினப்புறம் வாயைத் திறக்கக்கூடாது. இருக்கறதே ரெண்டு பேரு. குறை சொல்ல ஆரம்பிச்சா சண்டைதான் மிஞ்சும்."

"முப்பது வருஷமாவா?"

"முப்பது வருஷமா அவன் மானத்தை நான் காப்பாத்திட்டு இருக்கேன்."

"அவர் உங்களை எத்தனை தடவை காப்பாத்தினார்?"

"அதுக்குத் தேவையே வந்ததில்லை."

திலகவதி தலையாட்டிக்கொண்டார்.

தனியாக ரெக்கார்டு போட ஒரு கம்பெனி கிளைவைக் கூப்பிட்டிருந்தது. மறுநாள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜோடி முடிந்தது. அறுபதை எட்டிப்பிடிக்கும் நெவிலோடு இனி புதிதாக யார் வந்து வாசிப்பார்கள்? அந்த எண்ணம் கிளைவை உறுத்தத்தான் செய்தது. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"கிதாரை எடுங்க" என்றார் திலகவதி. "நான் பாட, நீங்க வாசிச்சதே இல்லையே."

அது உண்மை. ஹல்லில் கிளைவ் அவரிடம் வாய்ப்பாட்டு மட்டும்தான் கற்றுக்கொண்டார்.

கிளைவ் சின்ன ஆம்ப்ளிஃபயரை மாட்டினார். அவருக்கு நன்றாகத் தெரிந்த பதிகம் ஒன்றைத் திலகவதி பாடினார், கிளைவ் கூடவே வாசித்தார். ஓரளவுக்கு நன்றாகவே வந்தது.

"எப்படி?"

கிளைவ் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். நீங்களும் நெவில் மாதிரியே. நாலு இடத்துல வரி முடியறதுக்குள்ள விட்டுட்டீங்க."

"அப்புறம்?"

"நான் சமாளிச்சுட்டேன். வெளியாளுக்குத் தெரியாது."

"ரொம்ப நன்றி" என்றார் திலகவதி, சிரிக்காமல். "இன்னொரு தடவை."

இந்த முறை அவர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே பாடினார். முதல் வரியின் கடைசி எழுத்தை நாலு எண்ணிக்கைக்கும் நிறுத்திப் பிடித்தார்.

மூன்றாவது எண்ணிக்கையிலேயே பேஸ் அவர் குரல் மேல் ஏறி விழுந்தது.

விரல் வழுக்கிவிட்டது என்று கிளைவ் நினைத்தார்.

இரண்டாவது வரியிலும் அப்படியே ஆயிற்று. கேட்கவே சகிக்கவில்லை.

மூன்றாவது வரியில் டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். கண்ணுக்கு எதிரே கை இன்னும் ஒரு தட்டு பாக்கி வைத்திருந்தது. விரல் அதற்கு முன்பே ஓடிவிட்டது.

நான்காவது வரியில் கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார். திலகவதி தனியாகவே பாடி முடித்தார்.

கிளைவுக்கு முகம் காதுவரை சிவந்திருந்தது. அவமானமாக இருந்தது. குனிந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

"எத்தனை வருஷமா இப்படி வாசிக்கறேன்?"

"என்னைக் கேட்டா? நான் இன்னிக்குத்தானே உங்ககூடப் பாடறேன்" என்றார் திலகவதி. காப்பி போட உள்ளே போனார்.

கிளைவ் போனை எடுத்தார். ஹல்லில் அப்போது மத்தியானம். இரண்டாவது மணியிலேயே நெவில் எடுத்துவிட்டார்.

"நெவில், ஒண்ணு கேட்கணும். உண்மையைச் சொல்லு. வரி முடியற இடத்துல நான் முன்னாடியே வந்துடறேன், அதனாலதான் நீ மூணுலயே விட்டுடறே, இல்லையா? எத்தனை வருஷமா இந்தத் தப்பைப் பண்றேன்?"

மறுமுனையில் நெவில் லேசாகச் சிரித்துக்கொண்டது கேட்டது.

"எந்தத் தப்பு?" என்றார் நெவில்.