வயிற்றுக்குள் எறும்புச் சண்டை

மலைக்காட்டில் உருளாண்டி என்றொரு எறும்புத்தின்னி இருந்தது. சிறுத்தை வந்தால் அதற்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். மூக்கை வாலுக்குள் செருகி, செதில் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

அந்தக் கோடையில் ஒரு கரடி அதைப் பலாச்சுளை தின்னப் பழக்கிவிட்டது. அன்று முதல் வயிறு உப்பியது. உள்ளே கடமுட கடமுட என்று ஒரே இரைச்சல்.

"அண்ணே, பலாவாலயா இருக்குமோ?"

"சேச்சே! நானுந்தான் திங்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? இந்தா, இன்னொண்ணு!" என்றது கரடி.

உருளாண்டி யோசித்தது. வேறு யார் உள்ளே போனது? எறும்புகள்! அப்படியானால் சண்டை போடுவதும் அவைதான்! குனிந்து வயிற்றை அதட்டியது: "ஏய்! யாருடா அங்கே? வரிசையாப் போங்கடா!"

கடமுட!

"பாத்தீங்களா அண்ணே, மரியாதையே இல்லை!"

கேட்டுக்கொண்டிருந்த எறும்பு ராணிக்கு இது போதாதா? ஓடிவந்து கும்பிட்டது. "சாமி, எங்க பயலுகதான்! உள்ள போனாலும் அடங்க மாட்டானுக. இனிமே எங்களைத் தொடாதீங்க. பலாவே சாப்பிடுங்க, குளிர்ச்சி!"

உருளாண்டி எறும்பை விட்டது. காலை, மதியம், ராத்திரி எல்லாம் பலா. வயிறு அண்டாவாகிவிட்டது.

ஒருநாள் எதிரே சிறுத்தை. "என்னப்பா, சுருளலையா?"

"இதோ! ஒரு நிமிஷம்!" மூக்கு கிழக்கே, வால் மேற்கே, நடுவில் வயிறு. எட்டவே இல்லை.

"நான் வேணா மடிச்சு விடட்டுமா?" என்று நாக்கைச் சப்புக்கொட்டியபடி நெருங்கியது சிறுத்தை.

உருளாண்டி பின்வாங்கியது. அங்கே சரிவு. முதலில் வயிறு உருண்டது. மற்றதெல்லாம் பின்னாலேயே போனது. உரசிக்கொண்டு ஒரு பாறைப் பொந்துக்குள் விழுந்தது. சிறுத்தையால் நுழைய முடியவில்லை. "எப்படியும் வெளியே வருவேல்ல!" என்று வாசலிலேயே படுத்துக்கொண்டது.

பொந்துக்குள் பலா ஏது? எறும்புதான் இருந்தது.

"தின்னாதே! உள்ள போய் வெட்டிக்குவோம், குத்திக்குவோம்!" என்று கத்தின எறும்புகள்.

"என்னமோ பண்ணித் தொலைங்க! பசி உயிர் போகுது!" நாக்கு நீண்டது.

ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. எறும்பு தின்னத் தின்ன, வயிற்றில் சத்தமே இல்லை! 'அப்போ சண்டை போட்டது எறும்பு இல்லையா?' என்று உருளாண்டி யோசித்தது. அப்போது மேலே இருந்த ஓட்டை வழியாகக் கரடி எட்டிப் பார்த்தது.

"தம்பி, பசிக்குமேன்னு பலா கொண்டாந்தேன்!"

"ஒரே ஒரு சுளை போடுங்க. சோதிக்கணும்."

தின்றது. காத்திருந்தது. கடமுட!

"அண்ணே, பலாதான்! அகப்பட்டுடுச்சு! உங்க வயிறு வேற, என் வயிறு வேற. மிச்சத்தை எடுத்துட்டுப் போங்க!"

வயிறு வற்றும்வரை எறும்பை மட்டும் தின்றது. பிறகு நிதானமாக வெளியே வந்தது. சிறுத்தை பாய்ந்தது. அதற்குள் மூக்கு வாலுக்குள் போய்விட்டது. சிறுத்தை பந்தை உருட்டியது, பிறாண்டியது, கடித்தது. மடக்!

"ஆ! என் கடவாப்பல்லு!" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு சிறுத்தை ஓடியே போயிற்று.

அடுத்தவருக்குச் செரிக்கிறதே என்று நம் வயிறு ஏற்காததைத் தின்றுவிட்டுப் பழியை வேறொன்றின் மேல் போட்டால், ஆபத்து வரும்போது நம்மை நாமே காத்துக்கொள்ள முடியாது.