மூன்று நடை

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிவிட்ட பிறகு, நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் மரம் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், ஏறத் தெரிந்தவரிடம்தானே போக வேண்டும்? கோயமுத்தூரில் அப்படி ஏறத் தெரிந்தவள் கமலவேணி. கயிறு, பெல்ட், மெஷின் ரம்பம் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக் கூரைமேல் சாயும் கிளைகளைக் கழித்துக் கொடுப்பது அவள் தொழில். சென்னியப்பன் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் நின்றார். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடம் அவளிடம் வேலை படித்தார்.

பிறகு தனியாகத் தொழில் வைத்தார். வைத்து மூன்று வருடம் ஆன பின் ஒரு காலையில், மஞ்சள் பை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு குருவின் வாசலில் வந்து நின்றார். பைக்குள் அவருடைய வீட்டுப் பத்திரம் இருந்தது.

"வாங்ணா," என்றாள் கமலவேணி. கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "மூஞ்சியே செரியில்லையே?"

"ஒரு கேள்வி இருக்குதுங்க அம்மிணி."

"கேளுங்க."

"பழைய டிப்பர் லாரி ஒண்ணு வெலைக்கு வந்திருக்குது. இன்னொரு பக்கம் புதுசா ஒரு பிக்கப் வண்டி, தவணையில. ரெண்டுல எதை வாங்கட்டும்?"

"இருக்கற குட்டியானை வண்டிக்கு என்னாச்சு?"

"ஓடுதுங்க. ஆனா பத்த மாட்டேங்குது. ஒரு வீட்டு வேலைக்கு மூணு நடை ஓட்ட வேண்டியிருக்குது. கொட்டற எடம் பன்னெண்டு கிலோமீட்டர். டீசலு, டயரு, ஆளுக கூலின்னு வர்றதெல்லாம் ரோட்டுலயே போயிருது. மூணு நடையை ஒரு நடையா ஆக்கோணும். அதுக்குப் பெரிய வண்டி வேணும்."

காலையில் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தபோது மனைவி சிவகாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மில்லில் இருபத்தாறு வருடம் ஷிஃப்ட் பார்த்துக் கட்டிய வீடு அது. இன்று நாலு மணிக்குள் அதை அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் லாரி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று புரோக்கர் சொல்லியிருந்தார்.

கமலவேணி கயிற்றைச் சுருட்டி முடித்தாள்.

"இன்னைக்கு உங்குளுக்கு வேலை இருக்குதுங்களா?"

"இருக்குது. பீளமேட்டுல ஒரு தூங்குமூஞ்சி மரம். மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு அப்படியே கையெழுத்துப் போடப் போறேன்."

"நானும் வர்றேன்."

"அப்ப என்ற கேள்விக்குப் பதிலுங்க?"

"வாங்ணா, போலாம்."

கமலவேணி வண்டியில் ஏறிக்கொண்டாள். போகிற வழியில் இருந்த மரங்களையெல்லாம் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள். சென்னியப்பன் மஞ்சள் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மரத்தில் ஏறிய பிறகு மட்டும் அவருக்குக் கவலை மறந்தது. கட்டை பெரிதாக ஒன்றும் இல்லை. கூரையை உரசும் கிளையும் தழையும்தான். ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி, ஓட்டின்மேல் ஒரு சுள்ளிகூட விழாமல் இறக்கினார். கீழே நின்ற கமலவேணி ஒரு தடவை தலையை ஆட்டினாள். ஐம்பத்து மூன்று வயதிலும் அது அவருக்கு இனித்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அவருக்கு அப்படித் தலையாட்டியதில்லை.

பதினொன்றரைக்கு இறங்கி, பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, டீக்குச் சொல்லி அனுப்பினார். ஏறியவர் வேலை அதோடு முடிந்தது என்பது அவருடைய கம்பெனி வழக்கம். மற்றதை ஆட்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். நஞ்சப்பனும் வேலுச்சாமியும் கிளைகளைத் தூக்கித் தூக்கி வண்டியில் வீசினார்கள்.

"வெரசா எடுங்கப்பா, வாசலை அடைச்சுக் கெடக்குது," என்று வீட்டுக்கார அம்மா கேட்டருகே நின்று விரட்டினார்.

இருபது நிமிடத்தில் வண்டி வைக்கோல் போராக நிமிர்ந்துவிட்டது. மேலே கயிறு போட்டு இறுக்கினார்கள். தரையில் இன்னும் அதைப்போல் இரண்டு பங்கு கிடந்தது.

"பாத்தீங்களா அம்மிணி?" என்றார் சென்னியப்பன். தன் கஷ்டத்துக்குச் சாட்சி கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. "இது ஒரு நடை. இன்னும் ரெண்டு கெடக்குது. நான் சொன்னேனில்ல?"

"எறக்கச் சொல்லுங்ணா."

"எதைங்க?"

"ஏத்துனதை."

நஞ்சப்பன் வாயைப் பிளந்தான். "ஏத்தறதுக்கு ஒரு கூலி, எறக்கறதுக்கு ஒரு கூலிங்களாக்கா?"

அந்த நேரம் பார்த்துப் புரோக்கரின் போன் வந்தது. சென்னியப்பன் எடுக்கவில்லை. குருவிடம் அவருக்குக் கோபம் வந்தது. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"மணி பன்னெண்டாகுதுங்க. வீட்டையே கையில புடிச்சுட்டு நிக்கறேன். எந்த வண்டி வாங்கறதுன்னு கேட்டா, வெளையாட்டுக் காட்டறீங்களே!"

கமலவேணி கோபித்துக்கொள்ளவில்லை.

"மரத்துல ஏறினது யாருங்ணா?"

"நாந்தான்."

"வண்டியில ஏறினது யாரு?"

சென்னியப்பனுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

கமலவேணியின் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. மரத்தில் யார் ஏறினாரோ அவரேதான் கடைசியில் வண்டியிலும் ஏற வேண்டும். மற்றவர்கள் கீழிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்; ஏறியவர் அரிவாளோடு வண்டிக்குள் நின்று அடுக்குவார். பெரும்பாலும் அது கமலவேணியாகவே இருக்கும். ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடிக்கிறாள், கருமி என்று அப்போது சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். தனித்தொழில் வைத்ததும் அவர் முதலில் விட்டது அந்தப் பழக்கத்தைத்தான். முதலாளி ஆன பிறகும் தழை அடுக்குவதா?

கயிற்றை அவிழ்த்தார். மூவருமாக வண்டியைக் காலி செய்தார்கள். பிறகு அவரே அரிவாளை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

கமலவேணி கீழிருந்து ஒரு கிளையை நீட்டினாள். வாங்கிப் படுக்க வைத்தார். அது படுக்கவில்லை. ஒரு கவை வண்டித் தரையில் ஊன்றி, இன்னொன்று வானத்தைப் பார்த்து நின்றது.

"இது எங்க திரும்புச்சுன்னு உங்குளுக்குத் தெரியுமே," என்றாள்.

தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். சுவரில் முட்டி வெளிச்சத்தைத் தேடித் திரும்பிய கிளை அது. திரும்பிய இடத்தில் ஒரு வெட்டு வெட்டினார். கிளை இரண்டு நேர்க்கம்பாகி, சொன்ன பேச்சுக் கேட்டுப் படுத்துக்கொண்டது.

அடுத்தது கரண்டுக் கம்பிக்கு ஒதுங்கி வளைந்த கிளை. அதன் முழங்கை எங்கே என்பதும் அவருக்குத் தெரியும். நஞ்சப்பனுக்கும் வேலுச்சாமிக்கும் எப்படித் தெரியும்? அவர்கள் மேலே போனதே இல்லை. அவர்களுக்கு எல்லாம் ஒரே தழைதான்.

அடிப்பக்கம் முன்னால், நுனி பின்னால், ஒன்றின்மேல் ஒன்று.

"மிதிங்ணா," என்றாள் கமலவேணி.

மிதித்தார். தழை முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. மறுபடி அடுக்கினார், மறுபடி மிதித்தார். வேர்வை கண்ணில் இறங்கியது. எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. அடுத்த கிளைக்குக் கையை நீட்டியபோது கையில் ஒன்றும் வரவில்லை.

குனிந்து பார்த்தார். தரையில் நாலே நாலு கொப்பு கிடந்தது. அதையும் நஞ்சப்பன் தன் ஆட்டுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தான். வாசல் காலியாக இருந்தது. வண்டியில் தழை பக்கப் பலகைக்கு மேல் ஒரு முழம்தான் எழுந்திருந்தது.

சென்னியப்பன் தழைமேலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. துடைக்கவில்லை. எப்படியும் முகமெல்லாம் வேர்வைதான். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்று நின்று இறங்கிய சோறு இனி ஒழுங்காக இறங்கும் என்று தோன்றியது.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தார்.

"வேண்டாமுங்க. இல்லீங்க, அந்த பிக்கப்பும் வேண்டாம். என்ற வண்டியே போதும்."

அடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"சிவகாமி, பத்திரத்தைத் திருப்பிக் கொண்டாறேன்."

"சாப்புட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள் அவள். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

கொட்டிவிட்டுத் திரும்பும்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பின்னால் காலி வண்டியில் நஞ்சப்பன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். சென்னியப்பன் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு டீயை ஆற்றினார்.

"படிக்கறப்பவே இதைச் சொல்லியிருக்கலாமில்லீங்க அம்மிணி?"

"ரெண்டு வருசம் உங்க கண்ணு முன்னாடிதானுங்ணா ஏறி நின்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீ ஆறிவிட்டது. இன்னும் ஒன்று கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

"மூணு வருசமா வேலைக்கு மூணு மூணு நடை ஓட்டினேன். அதுல ஒரு நடைக்குத்தான் கிளை இருந்திருக்குது. மிச்ச ரெண்டு நடையிலயும் எதைக் கொண்டு போய்க் கொட்டுனேன்?"

கமலவேணி டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்தாள்.

"காத்தைத்தானுங்ணா," என்றாள். "அது வண்டி இல்லாமயே போயிருக்கும்."