பன்றி வீட்டு மான்குட்டி

காட்டாற்றங்கரையில் வேணி என்ற புள்ளிமான் ஒரு குட்டி ஈன்றது. மறுநாளே செந்நாய்கள் துரத்தி, வேணியின் பின்னங்காலைக் கடித்துக் குதறின. உயிர் தப்பியது, ஆனால் மடி வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துக் கத்தியது. மான்கூட்டமோ அன்றே மலைக்கு அப்பால் புறப்பட்டுவிட்டது.

பக்கத்துப் புதரில் கருப்பாயி என்ற காட்டுப்பன்றி ஐந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என் மடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இவளை நீ வளர்ப்பாயா?" என்று வேணி அழுதது.

"ஐந்தோடு ஆறு! விட்டுவிட்டுப் போ, தாயி!" என்றது கருப்பாயி.

வேணி குட்டியை நக்கிக் கொடுத்தது. திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று, பார்க்காமலே கூட்டத்தைத் தேடி நொண்டி நொண்டிப் போய்விட்டது.

கருப்பாயி குட்டிக்கு மருதி என்று பேர் வைத்தது. மருதியும் பன்றிகளோடு தலையைத் தாழ்த்தி நடந்தது. மண்ணை முகர்ந்தது. குளம்பால் கிழங்கு தோண்டியது. ஆனால் எங்காவது மான் குரல் கேட்டால் மட்டும் சாப்பாடு இறங்காது.

"எங்கம்மா என்னை வேண்டாம் என்றுதானே விட்டுப் போனாள்?"

"வேண்டாதவள் பாலுள்ள மடியாகப் பார்த்தா விடுவாள்? வாயை மூடிக்கொண்டு தின்னுடி!" என்று கருப்பாயி நல்ல கிழங்காக ஒன்றைத் தள்ளும்.

மூன்றாவது கோடையில் மழை பொய்த்தது. மான்கூட்டம் தண்ணீர் தேடிப் பழைய ஆற்றுக்கே திரும்பி வந்தது. ஆறு முழுக்க மணல்! கடைசியாக வந்த நொண்டி மான் நாக்குத் தள்ளி விழுந்தது.

கருப்பாயி அடையாளம் கண்டுகொண்டது. "மருதி, அதுதான் உன்னைப் பெற்றவள்!"

அதற்குள் கூட்டத்தின் தலைவனான கலைமான் கழுத்தை நிமிர்த்தி, "அதோ, பளபளவென்று தண்ணீர்! ஓடுங்கள்!" என்றது.

மருதி குறுக்கே பாய்ந்தது. "மாமா, அது கானல் நீர்! ஓடினால் செத்துப்போவீர்கள்!"

"உடம்பெல்லாம் காய்ந்த சேறு! பன்றி வளர்த்த உனக்கு மான்களைப் பற்றி என்ன தெரியும்?"

"மான்களைப் பற்றித் தெரியாது மாமா. மண்ணைப் பற்றித் தெரியும்!"

கலைமான் சிரித்துவிட்டு ஓடியது. மற்ற மான்கள் ஓடத் தெம்பில்லாமல் நின்றன.

மருதி மூக்கை மணலில் வைத்து ஆற்றின் வளைவுவரை போனது. ஓரிடத்தில் மண் குளிர்ந்து மணத்தது. குளம்பால் குழி பறித்தது. பன்றிகளும் சேர்ந்து தோண்டின. முழங்கால் ஆழம், வயிற்றாழம்... ஊறியது தண்ணீர்!

மருதி குடிக்கவில்லை. வாய் நிறைய மொண்டு ஓடிப்போய் வேணியின் நாக்கில் விட்டது. இப்படி ஏழு தடவை. வேணி கண் திறந்தது. பக்கத்தில் கருப்பாயியைக் கண்டதும் மகளை அறிந்துகொண்டது.

"உன்னை விட்டுப் போனேனே, மகளே!"

"விட்டதால்தான் பால் குடித்துப் பிழைத்தேன், அம்மா. இங்கே வளர்ந்ததால்தான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். கடவுள் தெரியாமலா என்னை இங்கே சேர்த்தார்?"

கருப்பாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டது. "சரி சரி, எல்லோரும் வரிசையாகக் குடியுங்கள்!"

வெகுநேரம் கழித்துக் கலைமான் நுரை தள்ளத் திரும்பி வந்து, மண்டியிட்டுக் குடித்தது.

"மாமா, மூக்கெல்லாம் சேறு!" என்று மருதி சிரித்தது.

பெற்றவளைப் பிரியும் வலி மெய்தான், ஆனாலும் மணலுக்கடியில் தண்ணீரைப் போல அந்தப் பிரிவுக்கடியிலும் கடவுள் ஒரு நன்மையை வைத்திருக்கிறார்.